டிரிப்இட், கூகுள் காலண்டர், ஒரு ஷீட்: மண்டபத்துக் கம்பெனிக்கு எது ஒத்துவருது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானத்திலேயே போய் விமானத்திலேயே திரும்புகிறவருக்கு டிரிப்இட் நல்ல பயணத் திட்டச் செயலி. ரயில், அரசு பஸ், கால் டாக்சி, தெரிந்தவர் கார் என்று கலந்துகட்டிப் போகிற எங்களைப் போன்றவர்களுக்கு கூகுள் காலண்டரும் ஒரு ஷீட்டும் போதும், அதற்கு மேல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் கடல் உணவு ஏற்றுமதி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். பெயருக்குத்தான் கணக்கு, யார் எந்த ஊருக்கு எப்போது போகணும், டிக்கெட், ரூம், திரும்பி வந்ததும் பில் வசூல் எல்லாம் என் தலையில்தான். முதலாளி கீழக்கரைக்காரர், ஆபீஸில் எல்லோருக்கும் அவர் காக்கா, அந்தப் பக்கத்து வழக்கில் அண்ணன். கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் தலைமையகம் கொச்சியில் இருப்பதால் அங்கே, கண்டெய்னர் விஷயமாகத் தூத்துக்குடிக்கு, வங்கி வேலைக்குச் சென்னைக்கு, வாங்குகிறவர்களைப் பார்க்க துபாய்க்கு என்று அவர் போய்க்கொண்டே இருப்பார். கூடவே கொள்முதல் பார்க்கும் அண்ணன், தரக்கட்டுப்பாடு பார்க்கும் தம்பி.

இந்தக் கரையில் பயணத் தேதியை முடிவு செய்வது கடல்தான். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தொழிலுக்குப் போகும், படகு கரை திரும்பும் நாளில் கொள்முதல் அண்ணனை எங்கேயும் அனுப்ப முடியாது. புயல் எச்சரிக்கை வந்து, கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் டோக்கன் கொடுக்கவில்லை என்றால் திடீரென்று எல்லோரும் சும்மா இருப்பார்கள், "அப்ப நாளைக்கே கொச்சிக்குப் போயிட்டு வந்துரலாம்" என்பார் காக்கா. அப்புறம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட பயணங்கள் எல்லாம் அந்த இரண்டு மாதத்தில் வந்து விழும், அதே நேரத்தில்தான் பள்ளிக்கூட லீவு, ராமேஸ்வரத்துக்கு வட இந்தியாவிலிருந்து வரும் கூட்டம் எல்லாம். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 120 நாளுக்குப் பதில் 60 நாள் என்று குறைந்துவிட்டதால், தடைக்காலத்து முதல் வாரத்துக்கு டிக்கெட் வேண்டுமென்றால் பிப்ரவரி நடுவிலேயே உட்கார்ந்தாகணும். இதை எந்தப் பயணச் செயலியும் எடுத்துச் சொல்லாது. காலண்டரில் நாமே போட்டு வைத்தால்தான் உண்டு.

சரி, டிரிப்இட்டுக்கு வருகிறேன். 2006ல் தொடங்கியது, இப்போது எஸ்ஏபி நிறுவனத்தின் கான்கர் கையில் இருக்கிறது. வேலை எளிது: விமான டிக்கெட், ஹோட்டல் உறுதிசெய்த மெயில்களை அவர்கள் தரும் ஒரு முகவரிக்கு ஃபார்வர்ட் செய்தால், அதுவே தேதி, நேரம், பி.என்.ஆர்., ஹோட்டல் முகவரி எல்லாவற்றையும் பிரித்தெடுத்து வரிசையாக ஒரு பயணத் திட்டம் போட்டுத் தரும். காக்காவின் துபாய் பயணத்துக்கு இது அருமையாக இருந்தது. மதுரையிலிருந்து போகும் விமானம், அங்கே ஹோட்டல், திரும்பும் விமானம், மூன்றும் ஒரே பக்கத்தில். நெட் இல்லாவிட்டாலும் போனில் திறக்கும். விமானம் தாமதம், கேட் மாற்றம் என்று உடனுக்குடன் சொல்லும் வசதி பணம் கட்டும் பதிப்பில்தான். எப்போதாவது பறப்பவருக்கு அது தேவையில்லை, விமான கம்பெனியே எஸ்எம்எஸ் அனுப்பிவிடும்.

ஆனால் மண்டபத்திலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 150 கிலோமீட்டர். உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து தளம் இருக்கிறது, அதில் நாம் ஏற முடியாது. ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் வரும் என்று 2025 தமிழக பட்ஜெட்டில் சொன்னார்கள், வரட்டும். அதுவரை எங்கள் பயணத்தில் சிக்கலான பகுதி வீட்டு வாசலிலிருந்து விமான நிலையம் வரைக்கும்தான், மெயிலே வராத பகுதியும் அதுதான். டிரைவர் எத்தனை மணிக்கு வருவார், எந்த டோல், எங்கே சாப்பாடு, இதற்கெல்லாம் யார் உறுதிசெய்து மெயில் அனுப்புகிறார்கள்? கையால்தான் சேர்க்கணும். கையால் சேர்ப்பதென்றால் கூகுள் காலண்டரே மேல்.

இன்னொரு விஷயம் வெயிட்டிங் லிஸ்ட். வெளிநாட்டில் உட்கார்ந்து செயலி செய்கிறவர்களுக்கு, டிக்கெட் வாங்கியும் இடம் இல்லாமல் இருக்கலாம் என்பதே புரியாது போலிருக்கிறது. நான் போட்டுப் பார்த்த ஒரு பயணச் செயலி (இது டிரிப்இட் இல்லை, பெயர் வேண்டாம்) வெயிட்டிங்கில் இருந்த ரயில் டிக்கெட்டுக்குப் பச்சை டிக் போட்டு வைத்திருந்தது. காக்கா அதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, இதுல டிக்கெட் கெடச்சுட்டுன்னு போட்டிருக்கு, நீ இல்லைங்கிற" என்றார். "வெயிட்டிங் பதினாலு காக்கா, அதுக்கு அது தெரியாது" என்றேன். இணையத்தில் எடுத்த டிக்கெட்டில் எல்லாப் பெயரும் வெயிட்டிங்கிலேயே நின்றுவிட்டால், சார்ட் (யாருக்கு எந்த இடம் என்ற கடைசிப் பட்டியல்) போட்டதும் தானாக ரத்தாகிவிடும், பணம் திரும்பும், ஆனால் ரயிலில் ஏற முடியாது. முன்பு கிளம்புவதற்கு 4 மணி நேரம் இருக்கும்போதுதான் சார்ட் வரும். 2025 ஜூலைக்குப் பிறகு அதைச் சீக்கிரமாக்கியதால், மாற்று ஏற்பாட்டுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. எங்கள் காலண்டரில் வெயிட்டிங் என்றால் மஞ்சள், உறுதியானால் பச்சை, மாற்று பஸ் சாம்பல். நிறத்தை மாற்றுவது மனுஷன்தான்.

கூகுள் காலண்டரைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்லணும், ஏனென்றால் இலவசமாகக் கிடைப்பதில் முக்கால்வாசியைப் பலர் தொடுவதே இல்லை. ஜிமெயிலுக்கு வரும் விமானம், ஹோட்டல் மெயில்களை அதுவே நிகழ்ச்சியாகப் போட்டுக்கொள்ளும், டிரிப்இட் செய்வதில் பாதி வேலை அங்கேயே முடிந்தது. ஆனால் இப்படித் தானாக வரும் நிகழ்ச்சிகள் நமக்கு மட்டும்தான் தெரியும், அமைப்பில் போய் மாற்றினால்தான் காலண்டரைப் பகிர்ந்துகொண்ட மற்றவர்களுக்கும் தெரியும். அடுத்தது நேர மண்டலம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே காலை 10 மணி மீட்டிங்கை இங்கே உட்கார்ந்து வெறுமனே 10 என்று போட்டால், துபாயில் இறங்கியதும் போன் அதை 8.30 என்று காட்டும். நிகழ்ச்சியில் துபாய் நேரம் என்று தேர்ந்தெடுத்துப் போட்டால் சரியாக வரும். நள்ளிரவு ரயிலுக்கும் இதே கவனம் வேண்டும். மதுரையில் 12.20க்கு ஏற வேண்டிய டிக்கெட் என்றால் தேதி மாறிவிடும், ஆனால் வீட்டிலிருந்து கிளம்புவது முந்தின நாள் சாயங்காலம். அதனால் ரயில் நேரத்தைப் போடுவதற்கு முன் "வீட்டிலிருந்து கிளம்பு" என்று தனியாக ஒரு நிகழ்ச்சி போட்டு, அதற்குத்தான் அலாரம் வைப்போம்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை, ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு எல்லாம் எங்கள் காலண்டரில் சிவப்பு. அந்த நாட்களில் ராமேஸ்வரம் போகிற வருகிற ரயிலிலும் இடம் இருக்காது, வெளியூரிலிருந்து சரக்கு பார்க்க வருகிறவர்களுக்கு ரூம் போட்டாலும் விலை கேட்க முடியாது.

ஷீட் எதற்கு என்றால், காலண்டர் எப்போது என்று சொல்லும், எவ்வளவு ஆச்சு என்று சொல்லாது. ஒரு வரிக்கு ஒரு பயணம்: டிக்கெட்டில் உள்ளபடி பெயர், பி.என்.ஆர்., ஏறும் ஸ்டேஷன், முன்பணம், பில் வந்ததா. ஆதார் எண்ணும் பாஸ்போர்ட் எண்ணும் அதில் கிடையாது, பத்துப் பேர் திறக்கிற ஷீட்டில் அதைப் போடக் கூடாது. ஏறும் ஸ்டேஷனுக்குத் தனிக் கட்டம் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஐஆர்சிடிசியில் போர்டிங் ஸ்டேஷனை மாற்றலாம், ஆனால் மாற்றிய பிறகு பழைய ஸ்டேஷனில் ஏற உரிமை கிடையாது. ராமேஸ்வரத்திலிருந்து எடுத்துவிட்டு ராமநாதபுரம் என்று மாற்றிய டிக்கெட்டை, முதலில் வந்த மெயிலை மட்டும் பார்க்கிற செயலி ராமேஸ்வரம் என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஏசி வகுப்பு டிக்கெட்டுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, எடுக்கும்போதே கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டுவிடணும். ஸ்லீப்பருக்கு ஜிஎஸ்டியே இல்லை. ஆடிட்டரிடம் திட்டு வாங்காமல் இருக்க ஷீட்டில் ஜிஎஸ்டிக்கு ஒரு கட்டம் போதும்.

தட்கலுக்கு எந்தத் திட்டமிடும் செயலியும் உதவாது. ஏசிக்குக் காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி, முந்தின நாள். 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்கில்தான் இணையத்தில் எடுக்க முடியும், அதனால் யார் யார் கணக்கு சரிபார்த்தது என்றும் ஷீட்டில் ஒரு குறிப்பு இருக்கிறது. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது என்பதைக் காக்காவுக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்கிறேன்.

வழியில் உதவுவது இரண்டு. ஒன்று, வேர் இஸ் மை டிரெயின். கூகுள் 2018ல் வாங்கிய செயலி, தமிழிலும் உண்டு, செல் டவரை வைத்தே ரயில் எங்கே நிற்கிறது என்று காட்டும், நெட் வேண்டாம். பாம்பன் பாலத்துப் பக்கம் காற்று வேகம் அதிகமானால் ரயிலை நிறுத்திவைப்பார்கள், அப்போது ஸ்டேஷனில் போய்க் காத்துக் கிடக்காமல் வீட்டிலேயே இருந்து பார்க்கலாம். இரண்டாவது, கூகுள் மேப்பில் இறக்கி வைத்த வரைபடம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி வழியாகப் போகும்போது சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், முன்பே இறக்கி வைத்தால் கார் வழி மட்டும் சொல்லும், பஸ் நேரம் சொல்லாது. தனுஷ்கோடிப் பக்கம் விருந்தினரை அழைத்துப் போனால் வேறொரு வேடிக்கை, போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் காலண்டர் குழம்பாது, ஆனால் ரோமிங்கை அணைத்து வைக்கச் சொல்லுங்கள்.

பழைய திட்டத்தை நகல் எடுத்து அப்படியே பயன்படுத்த எல்லாச் செயலியிலும் வசதி உண்டு. இந்த ஊருக்கு அது ஆபத்து. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது, 2025 ஏப்ரல் 6ல் புதுப் பாலம் திறந்தது, இடையில் ராமேஸ்வரம் ஸ்டேஷனே கணக்கில் இல்லை. சென்னையிலும் அப்படித்தான், கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பிறகு, கோயம்பேட்டில் இறங்கிப் பக்கத்தில் ரூம் என்ற பழைய வரி பெரும்பாலும் உதவாது. ராமநாதபுரத்தில் ஆம்னி பஸ் என்றால் ஏறும் இடம் பாரதி நகரா பஸ் நிலையமா என்று டிக்கெட்டில் படித்து அதையே காலண்டரில் இடம் என்ற கட்டத்தில் போடுங்கள்.

காக்கா இன்னும் காலண்டரைத் திறந்து பார்ப்பதில்லை. முந்தின நாள் இரவு நான் அதிலிருந்து நாலு வரியை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், அவர் கட்டைவிரல் போடுகிறார். அதனால் பெரிய கம்பெனிகள் வாங்கும் பயண மேலாண்மைச் சேவைகளை நான் எடுத்துப் பார்க்கவில்லை. அனுமதி கேட்பதும் பில் சேர்வதும் ஒரே இடத்தில் நடக்கும் என்கிறார்கள், மேக்மைடிரிப்பின் மைபிஸ் அந்த வகைதான். இருபது முப்பது பேரை அனுப்புகிற இடமாக இருந்தால் பாருங்கள். நாலைந்து பேர் என்றால் காலண்டரும் ஷீட்டும். தனியாளாக மாதாமாதம் மதுரையிலிருந்து பறக்கிறவர் என்றால் டிரிப்இட் இலவசப் பதிப்பு, பணம் கட்டுவதை அப்புறம் யோசிக்கலாம்.