கறுப்பு ரப்பர் சப்பாத்து, பாலிங் மலையில்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் பாலிங் மலையான குனோங் பாலிங் ஏற நான் போட்டது, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்கள் போடும் அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்துதான். 'அடிடாஸ் கம்போங்' (கிராமத்து அடிடாஸ்) என்று ஊரே கூப்பிடும், ஆனால் அடிடாஸ் கம்பெனிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பாலிங் பட்டணத்து மளிகைக்கடையில் வாங்கினேன், 20 வெள்ளிக்குள் முடிந்துவிட்டது.

குனோங் பாலிங் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, டைனோசர்களுக்கும் முந்திய கடலின் அடியில் படிந்தது. மழைத்தண்ணீர் மெல்ல மெல்லக் கரைத்து அரித்ததில் மேலே போகப்போகப் பாறை விளிம்பெல்லாம் கத்தி மாதிரி நிற்கிறது, கயிற்றைப் பிடித்து ஏறும் இடங்களில் கால் எங்கே பிடிக்கும் என்பதுதான் உங்கள் ஒரே கவலையாக இருக்கும். அங்கே இந்தச் சப்பாத்து அசத்துகிறது. அடியில் இருக்கும் முள்முள்ளான ரப்பர் சேற்றிலும் வேரிலும் நன்றாகப் பிடிக்கிறது, நனைந்தாலும் கவிழ்த்துக் கொட்டிவிட்டு நடக்கலாம். வழுவழுப்பான ஈரப்பாறையில் மட்டும் இதையும் நம்பாதீர்கள்.

குறை? அடி மெல்லிசு. கூரான கல்லெல்லாம் உள்ளங்காலில் தெரியும், கணுக்காலுக்குப் பாதுகாப்பே கிடையாது, உள்ளே வேர்த்து நாறும். அதனால் நீளக் காலுறை கட்டாயம் போடுங்கள், ஒரு நம்பர் பெரிசாகவே வாங்குங்கள். கையுறையும் வேண்டும், பாறையைப் பிடித்தால் தோல் கிழியும்.

1955-இல் அப்போதைய மலாயா முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மானும் மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கும் பேச்சுவார்த்தை நடத்திய ஊர் இது, இறங்கி வந்து பசியாறிவிட்டு ஊரையும் ஒரு சுற்று பாருங்கள். என் மச்சான் 400 வெள்ளி பூட்ஸோடு வந்தான், அடுத்த தடவைக்கு அவனும் இதையே வாங்கி வைத்திருக்கிறான்.