ஹென்லி ரீவைண்ட்: பாதி வழியில் வண்டி நின்றாலும் போகலாம்

எண்பதுகளின் ஆங்கிலப் பாப் பிடிக்கும், ஆனால் ஒரே பாடகருக்காக ஒரு மாலை முழுக்க ஒதுக்கும் அளவுக்கு வெறி இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ஏற்றது, லண்டனுக்கு மேற்கே ஹென்லி என்ற ஊரில் ஆகஸ்டில் நடக்கும் ரீவைண்ட் இசை விழா. எண்பதுகளின் பாடகர்கள் பலர் ஒருவர்பின் ஒருவராக மேடையேறுவார்கள். லண்டன் வந்த புதிதில் அலுவலக நண்பர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார். அதிலிருந்து ஆகஸ்ட் வந்தாலே எங்கள் வீட்டில் ஹென்லிப் பேச்சுதான்.

2009ல் தொடங்கிய விழா இது. தேம்ஸ் கரையில், ஹென்லி படகுப் போட்டிகள் தொடங்கும் டெம்பிள் தீவை ஒட்டிய புல்வெளியில் நடக்கிறது. டிக்கெட் வாங்காத புத்திசாலிகள் ஆற்றில் படகை நிறுத்திக்கொண்டு அங்கிருந்தே கேட்பார்கள்.

ஒவ்வொருவருக்கும் மேடையில் ஏறக்குறைய அரைமணி நேரம். பெரிய பெயர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். பலருக்கும் வாசிப்பது விழாவின் சொந்த வாத்தியக் குழுதான். நம்மூர் மெல்லிசைக் கச்சேரியில் ஆர்க்கெஸ்ட்ரா அப்படியே இருக்க, பாடகர்கள் மட்டும் மாறி மாறி வருவார்களே, அதே ஏற்பாடு. நேரம் குறைவு என்பதால் “புது ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டு” என்று யாரும் சோதிப்பதில்லை, ஹிட் பாட்டுகள் மட்டும்தான். இதில் ஒரு நஷ்டமும் உண்டு. ஒவ்வொரு குழுவுக்கும் தனி அடையாளமாக இருந்த சிந்தசைசர் (எலெக்ட்ரானிக் கீபோர்டு) ஒலியெல்லாம் கொஞ்சம் ஒரே சாயலுக்கு வந்துவிடுகிறது.

குரல் விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. சுருதியை இறக்கிப் பாடுவார்கள். உச்சத்துக்குப் போகவேண்டிய இடத்தில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவார்கள். ஸ்பாண்டா பாலே குழுவில் பாடிய டோனி ஹாட்லிக்கு இன்னும் கணீரென்று இருக்கிறது. பாடகி கிம் வைல்ட் இடையில் தோட்டக்கலைக்குப் போய் 2005ல் செல்சி மலர்க் கண்காட்சியில் தங்கப் பதக்கமே வாங்கியவர். மேடையில் அந்த இடைவெளி தெரியவே இல்லை.

இந்த மாதிரி விழா எதற்குப் போனாலும் போஸ்டரில் பெயருக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். ஒரே குழுப் பெயரில் பழைய உறுப்பினர்கள் தனித்தனியாகப் பாட வருவதுண்டு. டிஸ்கோ குழு போனி எம் என்றால் எந்தப் போனி எம்? லிஸ் மிட்செல் பாடுவதா, மேஸி வில்லியம்ஸ் நடத்துவதா? ரெக்கார்டில் பெண் குரல்களில் பெரும்பகுதி லிஸ் மிட்செலுடையது. குழுவில் இருந்த பாபி ஃபாரெல் ஆடி வாயசைத்த ஆண் குரல் தயாரிப்பாளர் ஃப்ராங்க் ஃபாரியனுடையது. நம்மூர் கேசட் கடைகளில் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சின்ன அதிர்ச்சிதான். ரெக்கே குழு யூபி40யும் அப்படியே: 2008ல் பாடகர் அலி கேம்ப்பெல் பிரிந்த பிறகு, அந்தப் பெயரைச் சுமந்து இரண்டு குழுக்கள் சுற்றின.

இனி பயணம். லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனில் ஏறி ட்வைஃபோர்டில் இறங்கி, ஹென்லிக்குப் போகும் கிளைப் பாதை ரயிலுக்கு மாற வேண்டும். ஒரு வருடம் ட்வைஃபோர்டில் இறங்கினால் கிளைப் பாதையில் ரயில் இல்லை என்று அறிவிப்பு. பிளாட்பாரம் முழுக்கப் பளபளா நிறத்தில், எண்பதுகளின் ஃபேஷனான லெக் வார்மர் (முழங்காலுக்குக் கீழே மாட்டும் உறை) போட்ட ஐம்பது வயதுக்காரர்கள். முன்பின் தெரியாத ஐந்து பேர் ஒரு டாக்சியில் நெருக்கியடித்து ஏறினோம். என் பக்கத்தில் இருந்தவர் எண்பதுகளின் பாடகர் ஆடம் ஆன்ட் மாதிரி மூக்கின் குறுக்கே வெள்ளைப் பட்டை தீட்டியிருந்தார். வெயிலில் அது உருகி, வளைவில் வண்டி சாய்ந்தபோதெல்லாம் என் சட்டைத் தோளில் ஒட்டியது. துவைத்தும் முழுசாகப் போகவில்லை.

இன்னொரு முறை சொந்தக் கார். எம்4 நெடுஞ்சாலையில் கிளட்ச் பெடல் உள்ளே போனது, திரும்பி வரவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் புல் சரிவில் உட்கார்ந்து, கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டபடி மீட்பு வண்டிக்குக் காத்திருந்தோம். “ஏங்க, பேசாம வீட்டுக்கே போயிடலாமா?” என்றாள் மனைவி. அடுத்த நிமிடமே, “கிம் வைல்ட் எத்தனை மணிக்கு?” என்று அவளே கேட்டாள். காரை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிவிட்டு டாக்சி பிடித்தோம். டிக்கெட் விலைக்குக் கிட்டத்தட்ட வந்த அந்தக் கட்டணத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஆனால் கிம் வைல்டைத் தவறவிடவில்லை.

இத்தனைக்குப் பிறகும் போவதற்குக் காரணம் இருக்கிறது. தனிக் கச்சேரிக்கு இரண்டு மணிநேரம் தாமதமானால் டிக்கெட் காசு போச்சு. இங்கே சில பாடகர்கள் போச்சு, அவ்வளவுதான். பகலில் தொடங்கி இரவுவரை ஓடும் நிகழ்ச்சி. எப்போது நுழைந்தாலும் யாராவது உங்களுக்குத் தெரிந்த பாட்டைப் பாடிக்கொண்டிருப்பார்கள்.

போகிறவர்களுக்கு: குடை வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனிலிருந்து பாலம் தாண்டி ஆற்றோரமாக நல்ல நடை இருக்கிறது. குழந்தை வண்டியோடு சிரமம். திரும்பும்போதுதான் உண்மையான சோதனை. கிளைப் பாதையின் கடைசி ரயில் நேரத்தை முதலிலேயே பார்த்து வையுங்கள். நாங்கள் இப்போதெல்லாம் பக்கத்து ஊரான ரெடிங்கில் அறை போட்டுவிடுகிறோம். ஆகஸ்டில் விலை ஏறும். டிக்கெட் வாங்கிய அன்றே அறையையும் பிடித்துவிடுங்கள்.