சுவான்சௌவில் இரண்டு நாள்: எந்தக் கல்லை எந்த வெயிலில் படம் எடுப்பது?

சீனாவின் ஃபுஜியான் மாகாணத்தில் உள்ள சுவான்சௌ நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்த்து 22 இடங்களை 2021-ல் யுனெஸ்கோ ஒரே தொகுப்பாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இரண்டு நாளில் இத்தனையையும் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எல்லா இடத்திலும் இறங்கி ஏறலாம், அவ்வளவுதான். உருப்படியாக ஒரு படம் தேறாது. எதை விடுவது என்று ஊரிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.

என் கணக்கு எளிமையானது. இந்த ஊரில் பார்க்க வேண்டியது பெரும்பாலும் கல். கோபுரம், பாலம், மசூதி, கல்லறைப் பலகை எல்லாமே கல். தாராசுரத்திலோ மாமல்லபுரத்திலோ கேமராவோடு ஒரு பகல் சுற்றியவர்களுக்கு இது புரியும். உச்சி வெயிலில் சிற்பம் தட்டையாகிவிடும், மூக்கும் கன்னமும் ஒன்றாகிவிடும். அதே சிற்பத்தில் மாலை நான்கரை மணிச் சாய்வெயில் பட்டால் விரல் நகம்வரை தெரியும். ஆகவே கீழே ஒவ்வொரு ஜோடி இடத்தையும் இரண்டு கேள்விகளை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்: அங்கே என்ன இருக்கிறது, அதன்மேல் வெளிச்சம் எப்படி விழுகிறது.

டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப் பெயரை இரண்டு முறை பாருங்கள். குவாங்சௌ வேறு, சுவான்சௌ வேறு. சியாமென் நகரிலிருந்து அதிவேக ரயிலில் வந்தால் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம்.

கோயில் தாழ்வாரமா, அருங்காட்சியகமா?

தமிழர்கள் இந்த ஊரைத் தேடிப் போக ஒரு தனிக் காரணம் இருக்கிறது. சோங், யுவான் அரசுகளின் காலத்தில் (10 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை) இது கீழைக்கடலின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று. அரபு மாலுமிகள் இதை ஸைத்தூன் என்றார்கள். தமிழ் வணிகர்கள் இங்கே தங்கிச் சிவன் கோயில் எழுப்பினார்கள். சக ஆண்டு 1203, அதாவது 1281-ஆம் ஆண்டு சித்திரையில், சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் உடல்நலம் வேண்டித் திருக்கானீச்சுரமுடைய நாயனாரை எழுந்தருளச் செய்ததாகத் தமிழில் வெட்டிய கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதில் சீன எழுத்தும் உண்டு. அப்போது சீனாவை ஆண்டவர் குப்லாய் கான். அந்தக் கல்வெட்டைப் பார்க்க வேண்டுமென்றால் சியாமெனில் இறங்க வேண்டும். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் மானிடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுவான்சௌவில் தேடி அலையாதீர்கள்.

கோயில் இப்போது இல்லை. அதன் கற்கள் ஊரெங்கும் சிதறிவிட்டன. பல கற்கள் நகரின் மதில் சுவருக்குள் போய்விட்டன. 20-ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது அவை வெளியே வந்தன. வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர் அவற்றைத் தேடித்தேடிச் சேர்த்தார். அவர் மட்டும் அன்று அக்கறை எடுத்துக்கொள்ளவில்லை என்றால் இன்று நாம் பார்ப்பதில் பாதிகூட மிஞ்சியிருக்காது. அந்த மனிதருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இந்தக் கற்களை இன்று முக்கியமாக இரண்டு இடங்களில் பார்க்கலாம். ஒன்று 686-ல் தொடங்கப்பட்ட கையுவான் புத்தர் கோயில். மற்றொன்று 1959-ல் தொடங்கிய கடல்வழித் தொடர்பு வரலாற்று அருங்காட்சியகம்.

எண்ணிக்கையில் அருங்காட்சியகத்தை மிஞ்ச முடியாது. பூமுனைப் போதிகைத் (தூண் உச்சியில் வைக்கும் தாங்கு கல்) துண்டுகள், தூண் துண்டுகள், விஷ்ணு சிலை என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒரு பலகையில் யானை ஒன்று லிங்கத்துக்குப் பூப்போட்டு வணங்குகிறது. திருவானைக்காவல் தலபுராணம் தெரிந்தவர்கள் அந்த இடத்தை விட்டு அவ்வளவு எளிதில் நகர முடியாது. அதே கூடத்தில் அரபு எழுத்து வெட்டிய கல்லறைக் கற்களும், தாமரை மேல் சிலுவை நிற்கும் கிறித்தவக் கற்களும் இருக்கின்றன. ஒரு துறைமுகத்தில் யார் யார் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்தார்கள் என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் படம் எடுப்பவருக்கு ஒரு சங்கடம். விளக்கை எங்கே பொருத்தினார்களோ நிழலும் அங்கேதான் விழும். நீங்கள் நகரலாம், வெளிச்சம் நகராது. பதிவுக்கு நல்ல படம் கிடைக்கும், நெஞ்சில் நிற்கும் படம் கிடைப்பது கடினம்.

கையுவானில் நிலைமை நேர் எதிர். தூண்கள் இரண்டே இரண்டுதான். பெரிய மண்டபத்தின் முன்வாசலில் கூட்டம் ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருக்க, நீங்கள் சுற்றிக்கொண்டு பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போக வேண்டும். அங்கே நிற்கின்றன அந்தத் தூண்கள். கீழே சதுரம், அதன்மேல் பதினாறு பட்டைக் கட்டு, மறுபடி சதுரம், மறுபடி கட்டு. எங்கோ பார்த்த தூண் என்று தோன்றும், ஏனென்றால் நம் ஊர் மண்டபத் தூண்களின் அமைப்பு அதுதான். சதுரத்தின் ஒவ்வொரு முகத்திலும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு கதை. இரண்டு தூண்களிலும் சேர்த்து 24 வட்டங்கள்.

ஒரு வட்டத்தின் முன் நான் வெகுநேரம் நின்றேன். இடுப்பில் உரலைக் கட்டிய குழந்தை, இரண்டு பக்கமும் மருத மரம். உரல் குறுக்காக மாட்டிக்கொள்ள, குழந்தை இழுக்கிறான். பாட்டியிடம் கேட்ட கண்ணன் கதை, தெற்குச் சீனத்தில், புத்தர் கோயிலின் புறவாசலில்! இன்னொன்றில் முதலையிடம் மாட்டிய யானையைக் காக்கப் பெருமாள் வருகிறார். 1933-லேயே கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமி இந்தச் சிற்பங்கள் என்னென்ன கதைகள் என்று அடையாளம் காட்டி எழுதிவிட்டார். யுவானுக்கு அடுத்து வந்த மிங் அரசின் காலத்தில் மண்டபத்தைப் புதுப்பித்தபோது இந்தத் தூண்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தாங்க வேண்டிய பாரத்தை இன்றும் தாங்கிக்கொண்டு நிற்கின்றன.

வெளிச்சம்? மண்டபம் தெற்குப் பார்த்தது. அதனால் தூண்கள் இருப்பது வடக்குத் தாழ்வாரம். நேர் வெயில் விழுவது அபூர்வம். முதலில் ஏமாற்றமாக இருக்கும், ஆனால் அதுதான் வசதி. திறந்த முற்றத்திலிருந்து வரும் மென்மையான வெளிச்சம் ஒரே பக்கமாகப் படர்கிறது. வட்டத்துக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். தூணுக்குப் பக்கவாட்டில், முற்றத்தின் வெளிச்சம் குறுக்கே வருகிற மாதிரி நின்று, கொஞ்சம் குறைவாக எக்ஸ்போஸ் செய்யுங்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம், கல் சுண்ணாம்பு பூசியது போலாகிவிடும். மண்டபத்தின் முன் உள்ள மேடையின் அடிப்பகுதியையும் குனிந்து பாருங்கள். மனித முகமும் சிங்க உடலுமாக எழுபதுக்கும் மேற்பட்ட பலகைகள் அங்கே வரிசையாகப் பதிந்திருக்கின்றன. முக்கால்வாசிப் பேர் அவற்றைக் கவனிக்காமல் படியேறிப் போய்விடுகிறார்கள்.

ஒன்றுதான் முடியும் என்றால் என் ஓட்டு கையுவானுக்கு. ஒரே நாளில் இரண்டும் முடியும் என்றால் இன்னும் நல்லது: காலையில் கோயில், வெயில் உச்சிக்கு வந்து வெளியே எதுவும் எடுக்க முடியாத நேரத்தில் அருங்காட்சியகம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

கோயில் வளாகத்திலேயே 1974-ல் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த சோங் காலத்துக் கப்பலும் இருக்கிறது. மிஞ்சியிருக்கும் மர உடல் மட்டும் 24 மீட்டர், நீர் புகாத 13 அறைகள். உள்ளே மிளகும் வாசனைக் கட்டைகளும் கிடைத்தன. படத்துக்குச் சுமார்தான், இருந்தாலும் பார்க்காமல் வராதீர்கள்.

இரட்டைக் கோபுரம்: கீழிருந்தா, மாடியிலிருந்தா?

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. கையுவானின் கிழக்குக் கோபுரம் 48 மீட்டர், மேற்குக் கோபுரம் 44 மீட்டர், இரண்டும் 13-ஆம் நூற்றாண்டுக் கல் வேலை. முழுக் கோபுரமும் வேண்டுமென்றால் கோயிலை ஒட்டிய மேற்குத் தெருவில் மாடிக்குப் போகும் கடை ஏதாவது ஒன்றில் ஏறிவிடுங்கள். சிவப்பு ஓட்டுக் கூரைகளுக்கு மேலே கோபுரம் நிற்கும் காட்சி, மாலையில், வேறெங்கும் வராது. கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்ந்த மாதிரிதான் வரும்.

சிற்பம் வேண்டுமென்றால் கீழேதான் நிற்க வேண்டும், நீள லென்ஸும் வேண்டும். மேற்குக் கோபுரத்தின் நான்காம் அடுக்கில் குரங்கு முகத்தோடு வாளேந்திய உருவம் ஒன்று இருக்கிறது. சீனக் கதைகளின் குரங்கு வீரனா, அனுமனின் உறவா என்று அறிஞர்கள் வெகுகாலமாக விவாதித்துவருகிறார்கள். 200 மி.மீ. லென்ஸ் இருந்தால் முகம் தெளிவாக விழும்.

லுவோயாங் பாலமா, ஆன்பிங் பாலமா?

இரண்டுமே சோங் காலத்துக் கல் பாலங்கள், இரண்டும் பட்டியலில் உள்ளவை. நீளத்தில் ஆன்பிங் வெல்கிறது: 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது, இன்றும் 2 கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாம். ஆனால் ஒரு காலத்தில் பாலத்தின் கீழே இருந்த கடல் வாய் தூர்ந்துவிட்டது. இப்போது சுற்றிலும் பூங்காவும் அமைதியான நீரும்தான். நடப்பதற்கு இனிமை. படத்தில் அந்த நீளம் வராது, ஒரு நேர்கோடாகச் சுருங்கிவிடும். நகரத்திலிருந்து தொலைவும் கூட.

லுவோயாங் பாலம் அதைவிட ஒரு நூற்றாண்டு மூத்தது. 1053-ல் தொடங்கி 1059-ல் முடித்தார்கள். முடித்துவைத்தவர் மாவட்ட ஆட்சியாளராக இருந்த சாய் சியாங், அவர் பெயர்பெற்ற கையெழுத்துக் கலைஞரும்கூட. (இதே பெயரில் வடக்கே ஹெனான் மாகாணத்தில் ஒரு பழைய தலைநகரம் உண்டு, அது வேறு.) ஆறு கடலில் கலக்கும் இடம், ஓதம், அதாவது கடல்நீர், ஏறி இறங்கும் சேற்று நிலம். அங்கே தூண் எப்படி நிற்கும்? ஆற்றின் அடியில் பாலத்தின் நீளத்துக்கும் கற்களைக் கொட்டி அகலமான அடித்தளம் போட்டார்கள். பிறகு அந்தக் கற்களில் சிப்பிகளை வளர்த்தார்கள். சிப்பி ஒட்டிக்கொண்டு வளர வளர அதன் ஓடே காரைபோலக் கற்களைப் பிணைத்துவிட்டது. கடலின் உயிரைக் கொண்டே கடலை எதிர்த்து நிற்க வைத்த இந்த யோசனையைப் படித்த நாளிலிருந்து அந்தப் பாலத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

ஆனால் ஓதம் ஏறியிருக்கும்போது போனால் தண்ணீருக்கு மேலே பலகைக் கற்கள் மட்டும்தான் தெரியும். முதல் முறை நான் அப்படித்தான் போய்த் திரும்பினேன். அடுத்த நாள் ஓத நேரம் பார்த்து, நீர் வடிந்தபின் போனேன். பாலமே வேறாக இருந்தது. ஓட்டத்தைக் கிழிக்கக் கூர்முனை வைத்த, படகு வடிவத் தூண்கள் அடிவரை வெளியே வந்து நின்றன. அவற்றின் அடியில் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று சிப்பி மேல் சிப்பி. ஈரம் காயாத கல்லில் காலை வெயில் சாய்வாகப் பட்டபோது ஒவ்வொரு ஓட்டுக்கும் தனித்தனி நிழல் இருந்தது. ஓத நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். காலையிலோ மாலையிலோ நீர் வடியும் நாளாகப் பார்த்துப் போங்கள். பாலத்தின் மேல் வழுக்கும், நல்ல செருப்பு தேவை.

லுவோயாங்தான் என் தேர்வு, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்றாம் நாள் கைவசம் இருப்பவர்கள் மட்டும் ஆன்பிங் போகலாம்.

சுன்பூவா, சிடியானா?

கடைசி ஜோடி, கல்லைவிட மனிதர்களைப் பற்றியது.

சுன்பூ கடலோர மீனவக் கிராமம். சிப்பி ஓடுகளைச் செதில் செதிலாக அடுக்கிக் கட்டிய சுவர்கள், பெண்கள் கொண்டையைச் சுற்றி வட்டவட்டமாகக் கட்டிக்கொள்ளும் பூச்சரம். நூலில் கோத்த மொட்டுகளைப் பார்த்தால் நம் ஊர்ப் பூக்கடை ஞாபகம் வராமல் இருக்காது. அண்மை ஆண்டுகளில் இந்தப் பூ அலங்காரம் சீனா முழுக்கப் பெயர்பெற்றுவிட்டது. வெளியூர்ப் பெண்கள் வந்து, பூ வைத்து, உடை வாடகைக்கு எடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பத்து மணிக்கு மேல் சந்து முழுக்க அவர்கள்தான். அதுவும் ஓர் அழகுதான். ஆனால் தினமும் பூ வைக்கும் பாட்டிகளைப் பார்க்க விடியற்காலையில் மீன் விற்கும் இடத்துக்குப் போக வேண்டும். ஒரு பாட்டி கீழே குந்தி, சிறு கத்தியால் சிப்பியை நெம்பிச் சதையைக் கிண்ணத்தில் தட்டிக்கொண்டே இருந்தார். கை ஒருமுறைகூட நிற்கவில்லை, தலையில் பூ அசையவும் இல்லை. கேமராவைக் காட்டிச் சைகையில் கேட்டேன். தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். காலை ஏழு மணி வெளிச்சத்தில் அது போதும்.

சிடியான் அப்படிப்பட்ட இடமில்லை. நகருக்குத் தெற்கே ஒரு கிராமம், அதில் ஒரு சிறு சன்னிதி. நான்கு கைகளோடு அமர்ந்திருக்கும் பழைய கல் தெய்வத்தை ஊர்க்காரர்கள் பௌத்தர்களின் கருணைத் தெய்வமான குவான்யின் என்று வணங்குகிறார்கள். அது நம் பக்கத்துக் கோயில் சிற்பம் என்று நம்மில் யாருக்கும் பார்த்தவுடன் தெரிந்துவிடும். பட்டியலில் இல்லை, அழகான பின்னணி இல்லை, வெளிச்சமும் போதாது. படக் கணக்குப் போட்டால் சுன்பூவே வெல்லும்.

ஆனாலும் அரை மணி நேரம் மிஞ்சினால் சிடியான் போய் வாருங்கள் என்பேன். அங்கே ஊதுவத்தி ஏற்றுபவர்களுக்கு அது அருங்காட்சியகப் பொருள் அல்ல. நான் போனபோது ஒரு பெண்மணி பழம் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் பின்னால் நின்றேன். அவர் முடித்துவிட்டுத் திரும்பி, என்னைப் பார்த்து, தன் கையிலிருந்த கட்டிலிருந்து மூன்று ஊதுவத்திகளை உருவி நீட்டினார்.