"1897 ஒரிஜினல் வின்செஸ்டர்" என்று தலையில் கட்டப்பட்ட ஒட்டுத் துப்பாக்கி: வாங்கப்போகிறவர்கள் கவனிக்கவும்

அமெரிக்காவில் இருந்துகொண்டு பழைய .22 (0.22 அங்குலக் குழல் விட்டம்), முன்கட்டையை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கிகளைத் தேடி அலையும் நம்மவர்கள் அதிகம் பேர் இல்லை. இருக்கிற சிலரும் ஏமாறக்கூடாது என்றுதான் இந்தப் பதிவு. வின்செஸ்டர் மாடல் 1890 ஒன்றுக்கு 2,400 டாலர் கொடுத்தேன். நியாயமாக அது நாலில் ஒரு பங்குகூடப் பெறாது. விற்றவர் துப்பாக்கிக் கண்காட்சிகளில் மேசை போடும் வியாபாரி. பணம் திரும்பக் கேட்டுக் கடிதப் போக்குவரத்து நடப்பதால் பெயரைச் சொல்லப்போவதில்லை.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: 1897-இல் செய்தது, செகண்ட் மாடல் (1890-இன் இரண்டாம் வடிவம்), ரிசீவரில் (இயக்கப் பாகங்கள் இருக்கும் நடு உடலில்) கேஸ் ஹார்டனிங் வண்ணம் (உலோகத்தின் மேற்பரப்பைக் கடினப்படுத்தும்போது படியும் நிறக்கோலம்) ஒரிஜினல், காலிபர் (தோட்டா வகை) .22 ஷார்ட், "ஆனால் லாங் ரைஃபிளும் போகும்".

இந்த மாடலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அந்தக் கடைசி வரியின் அழகு புரியும். பிரவுனிங் சகோதரர்கள் வடிவமைத்தது. 1890-இல் தொடங்கி 1930-களின் தொடக்கம் வரை ஏறக்குறைய எட்டரை லட்சம் துப்பாக்கிகள் வெளிவந்தன. திருவிழாத் திடல்களில் காசு கொடுத்துக் குறி பார்த்துச் சுடும் கூடங்களில் இதுதான் ராஜா. எண்கோணக் குழல், வெளியே தெரியும் சுத்தியல், இரண்டாகக் கழற்றிப் பெட்டியில் வைக்கலாம். முன்கட்டையை இழுத்துத் தள்ளும்போது வரும் அந்தச் சத்தத்துக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு, நானும் அந்த ரகம்தான்.

ஆனால் 1890 ஒரே வகைத் தோட்டாவுக்கான துப்பாக்கி. ஷார்ட், லாங், லாங் ரைஃபிள் என்பவை .22 தோட்டாவின் மூன்று நீளங்கள்; டபிள்யூ.ஆர்.எஃப். (வின்செஸ்டர் ரிம் ஃபயர்) தனி வகை. ஷார்ட் என்றால் ஷார்ட் மட்டும், லாங் என்றால் லாங் மட்டும், டபிள்யூ.ஆர்.எஃப். என்றால் அது மட்டும். லாங் ரைஃபிள் காலிபரில் 1919-இல்தான் வந்தது. மூன்று நீளத் தோட்டாவும் கலந்து ஓடுவது பின்னால் வந்த மாடல் 1906, 62 போன்றவற்றில்தான். 1890-இல் தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் கேரியர் அந்தந்தத் தோட்டாவின் நீளத்துக்கே வெட்டப்பட்டது. ஷார்ட் கேரியரில் லாங் ரைஃபிளை விட்டால் அதன் முன்பகுதி, தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் மேகசின் குழாய்க்குள்ளேயே நிற்கும், கேரியர் எழும்பாது. அப்படியானால் "லாங் ரைஃபிளும் போகும்" என்பதற்கு என்ன பொருள்? யாரோ ரீமர் (துளையைக் குடைந்து பெரிதாக்கும் கருவி) போட்டு சேம்பரை (குழலில் தோட்டா உட்காரும் அறையை) நீட்டியிருக்கிறார்கள் என்பதுதான். ஃபோனில் இதை நேராகக் கேட்டேன். "இல்லவே இல்லை, கம்பெனி சேம்பர், விளம்பரம் எழுதியது என் மருமகன், அவனுக்கு விவரம் பத்தாது" என்றார். அதே பதிலை மின்னஞ்சலிலும் எழுதி வாங்கிக்கொண்டேன். குழலின் மேல்பக்கப் படமும் கேட்டேன். கேமரா சரியில்லையாம். பிடிக்காவிட்டால் மூன்று நாளில் திருப்பலாம் என்றும் சொன்னார். சுடாமல் மூன்று நாள் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவது இந்தத் தொழிலில் வழக்கம்தான்.

பெட்டியைப் பிரித்ததுமே வண்ணம் உதைத்தது. உண்மையான கேஸ் ஹார்டனிங் வண்ணம் நூறு வருடத்தில் கை படும் இடமெல்லாம் வெளிறிச் சாம்பலாகிவிடும். மிச்சம் இருந்தால் சுத்தியலுக்குப் பக்கத்து இடுக்குகளில்தான் இருக்கும். இதிலோ, தூக்கிப் பிடிக்கிற அடிப்பாகம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, அந்தத் தேய்மானத்தின் மேலேயே நீலமும் ஊதாவும் பளபளக்கின்றன. தேய்ந்த திருகாணித் தலைகளிலும் அதே வண்ணம். எரிவாயு டார்ச் வைத்துச் சூடு காட்டி எடுத்த வரிகள் அவை. பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தது. திருகாணித் துளையைச் சுற்றி உலோகம் குழிந்திருந்தது. பஃபிங் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்த துப்பாக்கியில் இந்த இரண்டும் தப்பாமல் இருக்கும்.

அடுத்தது குழல். ரிசீவரை ஒட்டி மேல்பக்கத்தில், நீள்வட்டத்துக்குள் டபிள்யூ, பி என்ற இரண்டு எழுத்துகள். சுட்டுச் சோதித்ததற்கான வின்செஸ்டரின் முத்திரை அது, 1905-இல்தான் போடத் தொடங்கினார்கள். 1897 துப்பாக்கியில் அதற்கு என்ன வேலை? பழுதுபார்க்கக் கம்பெனிக்கே போய்க் குழல் மாற்றியிருந்தால் ரிசீவரிலும் அந்த முத்திரை விழுந்திருக்கும். ரிசீவரில் ஒன்றும் இல்லை. தனியாக விற்ற உதிரிக் குழலாக இருந்தால் பி மட்டும் இருக்கும், அதுவும் இல்லை. ஆக, வேறொரு துப்பாக்கியின் குழலைக் கழற்றி இதில் மாட்டியிருக்கிறார்கள். கேமரா ஏன் சரியில்லாமல் போனது என்று அப்போது விளங்கியது.

சேம்பரை எங்கள் ஊர்த் துப்பாக்கி மெக்கானிக் அச்சு எடுத்துப் பார்த்தார். குறைந்த சூட்டில் உருகும் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் தட்டி எடுத்து அளப்பார்கள். ஷார்ட்டின் பித்தளைக் கூடு 0.42 அங்குல நீளம், லாங் ரைஃபிளின் கூடு 0.61. அச்சு லாங் ரைஃபிள் அளவுக்கே இருந்தது. கேரியர் மட்டும் பழைய ஷார்ட். லாங் ரைஃபிளை ஒவ்வொன்றாகக் கையால்தான் போட வேண்டும். அப்புறம் எதற்கு பம்ப்?

இது ஷார்ட்டாக இருந்ததால் பணத்தோடு போயிற்று. டபிள்யூ.ஆர்.எஃப். காலிபர் துப்பாக்கியையும் இதே மாதிரி "சாதா .22 போகும்" என்று விற்கிறார்கள். அந்தத் தோட்டா தடிமனே வேறு. அந்த சேம்பரில் லாங் ரைஃபிள் தொளதொளவென்று உட்காரும், சுட்டால் கூடு வெடித்துப் புகையும் பித்தளைத் தூளும் முகத்தில் அடிக்கலாம். குழலில் பொறித்திருப்பதைத் தவிர வேறு எவர் வாக்கையும் நம்பித் தோட்டா போடாதீர்கள்.

மறுநாளே படங்களோடு எழுதினேன். "1898-க்கு முந்தையது ஆன்டிக், ஆன்டிக்குக்குத் திருப்பும் சலுகை கிடையாது" என்று பதில். 1898 வரை செய்ததை மத்தியச் சட்டம் ஆன்டிக், அதாவது பழம்பொருள் என்று கணக்கிடுகிறது, உண்மைதான். லைசென்ஸ் உள்ள கடை வழியாகப் போகாமல் நேரே வீட்டுக்கு வருவதும் அதனால்தான். வியாபாரி கொடுத்த வாக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நடுவில் ஒரு கடைக்காரர் இருந்தால் அவராவது பிரித்துப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். ஆன்டிக் என்ற சொல் இவர்களுக்கு அந்த வகையிலும் வசதியாகப் போய்விட்டது.

பணம் போஸ்டல் மணி ஆர்டராகத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தார், அதனால் கார்டு கம்பெனியிடம் முறையிட வழியில்லை. அவருடைய மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலக நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். மணி ஆர்டர் தபாலில் போனதால் தபால் துறையின் புலனாய்வுப் பிரிவுக்கும் ஒன்று. "கம்பெனி சேம்பர்" என்று அவரே எழுதிய மின்னஞ்சல்தான் இப்போதைக்கு என் கையில் இருக்கும் பலமான ஆதாரம்.

போன வாரம் அதே ஆள் இன்னொரு 1890-ஐ விற்பனைக்குப் போட்டிருக்கிறார், இந்த முறை டபிள்யூ.ஆர்.எஃப். பன்னிரண்டு படங்கள் இருக்கின்றன, குழலின் மேல்பக்கம் ஒன்றில்கூட இல்லை. விலை பேச நினைப்பவர்கள் முதலில் அந்தப் படத்தைக் கேளுங்கள்.