வெண்ணாற்றங்கரையா, வடுவூர் ஏரிக்கரையா, கோடியக்கரைச் சாலையா?

தஞ்சாவூரில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் 15, 18 கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும்: ஊருக்குள் சுற்றியது போதும், இனி எங்கே ஓடுவது? எனக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தது. வடுவூர், கோடியக்கரை, வெண்ணாறு என்று மாற்றி மாற்றி ஓடிப் பார்த்துவிட்டு, கடைசியில் வெண்ணாற்றங்கரையில் நிலைத்துவிட்டேன். பள்ளியக்கிரகாரத்துப் பாலத்தருகே வண்டியை நிறுத்திவிட்டு, மேற்கே தென்பெரம்பூர் பக்கம் போகிற கரை. வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரிகிற தலைப்பு அந்தத் தென்பெரம்பூரில்தான் இருக்கிறது. கடிகாரம் 9 கிலோமீட்டர் காட்டியதும் திரும்பிவிடுவேன்.

திருவையாறு சாலையை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளையும் ஒரே ஓட்டத்தில் தாண்டலாம் என்ற ஆசை யாருக்கும் வரும். எனக்கும் வந்தது. ஆனால் விடிவதற்கு முன்பே பஸ்ஸும் லாரியும் ஓடத் தொடங்கிவிடுகிற சாலை அது. பாலங்களில் ஒதுங்கி நிற்கக்கூட இடம் போதாது. புது ஆறும் இப்படித்தான் கழிந்தது. மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-ல் வந்த கல்லணைக் கால்வாயைத்தான் தஞ்சையில் புது ஆறு என்கிறோம். கான்கிரீட் போட்ட இடங்களில் பார்க்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் தண்ணீர் வேகமாகப் போகும், சரிவு வழுக்கும், தவறி விழுந்தால் பிடித்து ஏற ஒரு புல்கூடக் கிடையாது. இருட்டில் அதன் ஓரமாக ஓட எனக்கு மனம் வரவில்லை.

மிச்சம் இருக்கிற மூன்றில், கண்ணுக்கு எது அழகு என்று மட்டும் கேட்டால் நான் ஆதரிக்கிற வெண்ணாறு மூன்றாவது இடத்துக்குத்தான் வரும். கார்த்திகை, மார்கழியில் வடுவூர் ஏரி நிறைந்திருக்கும்போது, கரையில் நின்றால் நத்தை குத்தி நாரையும் நீர்க்காகமும் அரிவாள் மூக்கனும் ஒரே பார்வையில் கிடைக்கும். 128 ஹெக்டேர் ஏரி, 1999-லிருந்து பறவைகள் சரணாலயம், 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. கோடியக்கரைக்குப் போகிற சாலையில் உப்பளமும் சதுப்பு நிலமும் வானமும் சேர்ந்து ஒரே தகடாகத் தெரியும். நேரம் வாய்த்தால் தூரத்தில் பூநாரைக் கூட்டம் வெளுத்த கோடு மாதிரி நிற்கும். வெண்ணாற்றில் அப்படியெல்லாம் எதுவும் இல்லை. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல், நடுவில் படுகை வாழை, நாணல், மீன்கொத்தி. அவ்வளவுதான்.

ஆனால் வாரா வாரம் ஓடுகிறவனுக்குக் கண்ணைவிடக் கால் முக்கியம். என் விஷயத்தில் முடிவு செய்தது தரை.

வடுவூருக்கு முன்னால் ஓர் ஆறு மாதம் நான் கிராமத்துத் தார்ச் சாலைகளில்தான் நீண்ட ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தேன். மழைத் தண்ணீர் வடிய வேண்டும் என்பதற்காகத் தார்ச் சாலையை நடுவில் மேடாகவும் இரண்டு ஓரமும் சரிவாகவும் போடுவார்கள். எதிரே வருகிற வண்டி கண்ணில் பட வேண்டும் என்று நாம் வலது ஓரமாக ஓடுவோம். அப்போது வலது கால் எப்போதும் பள்ளத்தில், இடது கால் எப்போதும் மேட்டில். திரும்பி வரும்போது அது சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகாது. திரும்பும்போதும் எதிர்வண்டியைப் பார்த்தபடி வலது ஓரத்தில்தான் வருவோம். சரிவு மறுபடியும் வலது பக்கமே விழும். 18 கிலோமீட்டரும் ஒரே காலுக்கு ஒரே வேலை.

இடது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்பக்கம் வலி ஆரம்பித்தது. முதலில் ஓடி முடித்த பிறகு மட்டும். அப்புறம் ஓடும்போதும். கடைசியில் காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் அடியிலேயே. வலியைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் காலைத் தொடுவதற்கு முன் என் ஷூ இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தார். “இடது உள்பக்கம் தேஞ்சிருக்கு, வலது வெளிப்பக்கம் தேஞ்சிருக்கு. எங்க சார் ஓடுறீங்க?” என்றார். ஆறு வாரம் ஓட்டம் நின்றது. அந்த ஆறு வாரத்தில்தான் நல்ல காட்சி தேடுவதை விட்டுவிட்டு நல்ல தரை தேட ஆரம்பித்தேன்.

ஆற்றுக்கரைத் தரை எப்படி வேறுபடுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான் ஓடுகிற துண்டில் கரையின் மேல்பகுதி தட்டை. பைக்கும் டிராக்டரும் போய்ப் போய் இரண்டு சக்கரத் தடம் விழுந்திருக்கிறது, நடுவில் புல். ஒரு தடத்தைப் பிடித்துக்கொண்டால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் விழும். மண்ணும் இளகின மண். ஆறு கொண்டுவந்த வண்டலும் மணலும் கலந்த கரை அது, பாறையும் இல்லை, வெறும் களியும் இல்லை. குதிகால் படுகிறபோது மிகக் கொஞ்சமாக அமுங்கி, உடனே ஏந்திக்கொள்ளும். தாரில் 18 கிலோமீட்டர் ஓடினால் திங்கட்கிழமை மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுவேன். கரையில் ஓடினால் தேடுவதில்லை. ஓட்டத்தின் வேகம் கிலோமீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு நொடி குறையத்தான் செய்கிறது. அதை நான் நஷ்டமாக நினைக்கவில்லை.

இன்னொரு விஷயம், தண்ணீர் வடிவது. கரை வயலைவிட உயரம். மண்ணில் மணல் கலந்திருக்கிறது. அதனால் ஐப்பசியில் ஓர் இரவு முழுக்க மழை பெய்தாலும், நடுவில் ஒரு நாள் வெயில் அடித்தால் போதும், அடுத்த நாள் காலையில் ஓடலாம். போன ஐப்பசியில் ஒரு நாள் ஈரத்தைப் பார்த்துத் தயங்கிக்கொண்டு பாலத்தடியில் நின்றேன். மண்வெட்டியோடு வந்த பெரியவர் ஒருவர், “தம்பி, கெழக்கால போவாதீங்க, நேத்து டிராக்டர் போயி கொழப்பி வச்சிருக்கு. மேக்கால போங்க, தரை காஞ்சிருக்கு” என்றார். சொன்னபடியே இருந்தது. அன்று முதல் கரையில் யாரையாவது பார்த்தால் தரை எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். அவர்கள் தினமும் நடக்கிற வழி, அவர்களுக்குத் தெரியாதது எதுவும் அதில் இல்லை.

இனி வடுவூர். மன்னார்குடி சாலையில் முக்கால் மணி நேரப் பயணம். அது பெரிய சிரமம் இல்லை. அங்கே எனக்குச் சிக்கலாக இருந்தது பருவம். பறவைகள் அதிகம் இருப்பது நவம்பர் முதல் ஜனவரி வரை. ஏரி நிறைவதும், மழை பெய்வதும் அதே மாதங்களில். ஏரிக்கரையில் நடைபாதை இல்லாத பகுதிக்குப் போனால் மழைக்குப் பிறகு களி ஷூவின் அடியில் அப்பிக்கொள்ளும். நூறு அடி ஓடுவதற்குள் ஷூ இரண்டு மடங்கு கனமாகிவிடும். குச்சியால் சுரண்டிவிட்டு மறுபடி ஓட வேண்டும். ஒரு வாரம் ஆனாலும் முழுதாகக் காய்வதில்லை. சித்திரையில் தரை நன்றாக இறுகிவிடும், ஆனால் அப்போது ஏரியில் பார்க்க ஒன்றும் மிச்சமிருக்காது. ஏரியும் சிறியது, 18 கிலோமீட்டருக்கு அதே கரையில் போய்ப் போய்த் திரும்ப வேண்டும், இல்லையென்றால் மறுபடி கிராமத்துத் தார்ச் சாலைதான். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து அந்தச் சாலைகளில் பாதிக்கு நெல் காயும். அதை மிதிக்க யாருக்கும் மனம் வராது. மீதிப் பாதியில் நாமும் வண்டிகளும்.

இதெல்லாம் போக, கூட்டமாகப் பறவை உட்கார்ந்திருக்கும் கரையில் தொம் தொம் என்று ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் நாள் ஓடியபோது என் காலடிக்கே ஒரு கூட்டம் எழுந்து, ஏரியைச் சுற்றிவிட்டு எதிர்க்கரையில் போய் இறங்கியது. அத்தனை தூரம் பறந்து வந்தவற்றை என் பயிற்சிக்காக எழுப்ப வேண்டுமா? இப்போது வடுவூருக்கு வருஷம் இரண்டு முறை போகிறேன், குழந்தைகளோடு, நடந்து பார்க்க.

கோடியக்கரையைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் குறைவு. மொத்தம் இரண்டே முறை, இரண்டும் பிப்ரவரியில். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை சுமார் 11 கிலோமீட்டர். போய்த் திரும்பினால் அரை மாரத்தானுக்கு மேலேயே வந்துவிடும், அது ஒரு வசதி. ஏற்றம் இறக்கமே இல்லாத நேர்ச் சாலை. வழியில் அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியில் புறப்பட்டு நடந்தே வந்த ராஜாஜியும் தொண்டர்களும் ஏப்ரல் 30-ல் இங்கே உப்பு அள்ளினார்கள். சித்திரை வெயிலில் டெல்டாவைக் குறுக்கே நடந்து கடந்தவர்களை நினைத்துக்கொண்டு அந்தத் தூணருகே தண்ணீர் குடித்தேன். அந்த இடத்துக்காகவே ஒரு முறை ஓடலாம்.

ஆனால் தரை மறுபடி தார். சரிவு, வலது ஓரம், இடது கால் என்ற அதே கதை. உப்பு லாரி வரும்போது ஓரத்துக்கு இன்னும் ஒதுங்க வேண்டும். 2018 நவம்பர் 16-ல் கரையேறிய கஜா புயலுக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் போன மரங்கள் போனவைதான். ஏழு மணிக்கு மேல் தலைக்கு மேலே ஒன்றும் இல்லை. காற்று ஒரு பக்கமாக அடித்தால் பாதித் தூரம் முழுக்க முகத்தில்தான். சரணாலயக் காட்டுக்குள் ஓடலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேண்டாம். வெளிமான் மேய்கிற இடம், அனுமதி வாங்கிப் பார்க்கப் போகிற இடம். மழைக்காலத்தில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை, அதனால் அந்த மாதங்களுக்கு என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெண்ணாற்றின் குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. மேட்டூரில் ஜூன் 12 வாக்கில் தண்ணீர் திறந்து, கல்லணைக்கு வந்து, அங்கிருந்து வெண்ணாற்றில் விட்டால்தான் ஆறு ஆறாக இருக்கும். வழக்கமாக ஜனவரி 28-ல் மேட்டூரை மூடிவிடுவார்கள். மாசியிலிருந்து நான்கு மாதம் வெறும் மணலும் குட்டையுமாகக் கிடக்கும். நிழலும் அப்போதுதான் கைவிடும். கரையோரத்தில் இடையிடையே நிற்பது தேக்கு. வெயில் ஏறுகிற மாதங்களில் தேக்கு இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். உதிர்ந்த சருகு தடத்தை மூடிக்கொள்ளும். அடியில் எலி வளையும் இருக்கலாம், பாம்பும் இருக்கலாம். பங்குனி, சித்திரையில் நான் தூரத்தைப் பத்தாகக் குறைத்து, சருகில்லாத துண்டிலேயே ஓடுகிறேன். தலையில் விளக்கு இல்லாமல் விடிவதற்கு முன் கரையில் ஏறுவதே இல்லை. ஆற்றில் வெள்ளம் வருகிற நாட்களில், கரையில் மணல் மூட்டை அடுக்கி ஆட்கள் காவல் நிற்கிறபோது, அந்தப் பக்கம் போகக் கூடாது. அது அவர்களுடைய வேலை நேரம்.

ஆள் நடமாட்டம் குறைவு என்பது எனக்கு நிம்மதி. என் தங்கைக்கு அப்படி இல்லை. இரண்டு முறை என்னோடு வந்தாள். “தரை நல்லாத்தான் இருக்கு அண்ணே, ஆனா தனியா வர மாட்டேன்” என்றாள். அவள் சொல்வது நியாயம். தனியாக ஓடுகிற பெண்களுக்கு வடுவூர்க் கரையின் நடைபாதைப் பகுதி மேல், காலையில் அங்கே நடக்கிறவர்கள் இருப்பார்கள். வெண்ணாற்றுக்கு இரண்டு மூன்று பேராக வாருங்கள்.

போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். படித்துறைகளில் காலையில் குளிக்கிறவர்கள் இருப்பார்கள். தூரத்திலேயே செருமிவிட்டு, வயல் பக்கம் பார்த்தபடி நடந்து கடந்துவிடுங்கள். தண்ணீர் கையில் எடுத்துப் போங்கள், பாலத்தை விட்டால் கடை இல்லை. அடி மெல்லிய ஷூ வேண்டாம், சீமைக்கருவேல முள் நேராக ஏறிவிடும். நான் அரைக்கால்சட்டையின் ஓரத்தில் எப்போதும் ஓர் ஊக்கு குத்தி வைத்திருக்கிறேன். இதுவரை நான்கு முறை தேவைப்பட்டிருக்கிறது.