ஆர்பிஎம் ஏறுது, வண்டி நகரல: ராமநாதபுரம் கடற்கரையில் பழைய ஃபோர் வீல் பிக்கப்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலோரம் ஓடும் பழைய ஃபோர் வீல் பிக்கப், ஜீப் எதை எடுத்தாலும் கேட்கிற புகார் ஒன்றுதான்: "மணல்ல ஸ்லிப் ஆகுது." 2017-ல் தனுஷ்கோடி பக்கம் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. ஆனால் வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்ற வண்டி இன்றைக்கும் மணலில் இறங்கித்தான் ஆக வேண்டும். புகாரைக் கேட்டதும் கியர்பாக்ஸை இறக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். நாள்பட ஓடிய வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிளட்சும், முன்சக்கரத்தை அதன் ஆக்சில் ஷாஃப்ட்டோடு பிணைக்கும் முன் ஹப்பும்தான். கியர்பாக்ஸ் கடைசி.

முதல் சோதனைக்கு ஸ்பேனரே வேண்டாம், மீட்டர் போதும். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் ஸ்பீடோமீட்டர் கேபிள் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் (கியர்பாக்ஸிலிருந்து வரும் இழுவையை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிக்கும் பெட்டி) பின்பக்க அவுட்புட்டிலிருந்து வரும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் சத்தம் ஏறி, ஸ்பீடோ முள் அசையாமல் நின்றால், கோளாறு அந்த அவுட்புட்டுக்கு முன்னால்: கிளட்ச், கியர்பாக்ஸ், அல்லது நியூட்ரலுக்கு நழுவிய ட்ரான்ஸ்ஃபர் கேஸ். முள்ளும் சேர்ந்து ஏறுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்றால், கோளாறு அதற்குப் பின்னால்: ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (ஆக்சிலுக்கு இழுவை கொண்டுபோகும் நீளத் தண்டு), கிரவுன் பினியன், ஆக்சில் ஷாஃப்ட். இல்லையென்றால் கோளாறே இல்லை, சக்கரம் மணலில் சும்மா சுற்றுகிறது. அப்போது ஒருவர் வெளியே நின்று எந்தச் சக்கரம் சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும். லாக் இல்லாத டிஃப்பரன்ஷியலில் (இடது, வலது சக்கரத்துக்கு இழுவையைப் பிரிக்கும் பற்சக்கரத் தொகுதி) பிடிமானம் இல்லாத சக்கரம் சுற்றத்தான் செய்யும், அது பழுதல்ல.

இரண்டாவது கேள்வி: 2எச்-இலும் (பின்சக்கர இழுவை மட்டும்) ஸ்லிப்பா, 4எச்-இல் (நான்கு சக்கர இழுவை) மட்டுமா? தார்ச்சாலையில் 2எச்-இல் சுமையோடு மேடேறும்போதே ஆர்பிஎம் (எஞ்சின் சுற்று வேகம்) தனியாக ஏறினால் கிளட்ச்தான். உறுதிப்படுத்த, ஆளில்லாத நேரான சாலையில் நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது கிளட்சை மிதித்து எஞ்சினை ஏற்றி, சட்டென்று பெடலை விடுங்கள். ஆர்பிஎம் உடனே விழ வேண்டும். மெல்ல இறங்கினால் பிளேட் வழுக்குகிறது. ஒரு தடவை போதும். நான்கைந்து தடவை செய்தால் மிச்சமிருக்கும் பிளேட்டும் போய்விடும்.

கிளட்ச் என்று தெரிந்தாலும் உடனே பிளேட் வாங்கப் போகாதீர்கள். கேபிள் அல்லது ராடு வகையில் பெடல் ஃப்ரீ பிளே (கிளட்ச் விடுபடத் தொடங்குமுன் பெடலில் இருக்கும் வெற்று அசைவு) கொஞ்சம்கூட இல்லாவிட்டால், புது பிளேட்டும் வழுக்கும். ஹைட்ராலிக் வகையில் இன்னொரு சூது உண்டு. மாஸ்டர் சிலிண்டரின் திரும்பு துளை அடைத்தாலோ, ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதிக் கொண்டாலோ, பெடலை விட்ட பிறகும் லைனில் அழுத்தம் தங்கிவிடும். சூடு ஏறிய பிறகுதான் ஸ்லிப் தொடங்குகிறது என்றால் ஸ்லேவ் சிலிண்டரின் (கிளட்ச் பக்கம் இருக்கும் சிலிண்டர்) பிளீட் நிப்பிளை லேசாகத் திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சி வந்து, மூடிய பிறகு கிளட்ச் நன்றாகப் பிடித்தால், கியர்பாக்ஸை இறக்கும் செலவு மிச்சம்.

பெல் ஹவுசிங்குக்கு (கிளட்சை மூடியிருக்கும் கூடு) அடியில் ஆயில் கசிகிறதா? விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கறுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில், பின்பக்க கிராங்க் சீல் போயிருக்கிறது. கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில், கியர்பாக்ஸ் முன் ஷாஃப்ட் சீல். எதுவானாலும் ஆயில் குடித்த பிளேட்டைக் கழுவிப் போடுவது வீண் வேலை. ஃபோர் வீலில் ட்ரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்து தொங்குவதால் இறக்குவதற்கே ஒரு நாள் போய்விடும். அதனால் ஒரு தடவை இறக்கினால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், இரண்டு சீல் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. ஃப்ளைவீல் முகத்தில் நீலத் திட்டு இருந்தால் லேத்தில் கொடுத்துச் சமன் செய்யாமல் மாட்டக் கூடாது.

இனி, 2எச்-இல் சரியாக ஓடி, மணலில் 4எச் போட்டும் பின்சக்கரம் மட்டும் தோண்டுகிறது என்ற வகை. இங்கேதான் உப்பும் மணலும் விளையாடுகின்றன. ஹப்புக்குள் நுழையும் நுண்மணல் கிரீஸோடு சேர்ந்து களியாகி, லாக் வளையத்தை நகர விடாது. டயல் லாக்கில் நிற்கும், உள்ளே பிடித்திருக்காது. ஒரு பக்க ஹப் பிடிக்காவிட்டாலே போதும், முன் டிஃப்பரன்ஷியல் அந்தப் பக்கமாக விட்டுவிடும். முன் சக்கரம் இரண்டுக்கும் இழுவை கிடைக்காது.

சோதிக்கும் முறை: கெட்டித் தரையில் பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பழைய ஜீப் வகை சிலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கிறது. அதை மட்டும் நம்பக் கூடாது. ஹப் இரண்டையும் லாக் செய்து, லீவரை 4எச்-இல் போட்டு, பற்கள் விழ ஓரிரு மீட்டர் நகர்த்தி, முதல் கியரில் எஞ்சினை அணையுங்கள். ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். கொஞ்சம் ஆட்டத்தோடு நின்றுவிட வேண்டும். தாராளமாகச் சுற்றினால் முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பாருங்கள். அதுவும் சுற்றினால் பழுது ட்ரான்ஸ்ஃபர் கேஸில். அது நின்று சக்கரம் மட்டும் சுற்றினால் காதைக் கொடுங்கள்: உள்ளே டிஃப்பரன்ஷியல் பற்கள் உருளும் கரகரப்பு கேட்டால் இந்தப் பக்கம் சரி, மறுபக்கம் விட்டிருக்கிறது, பேரிங் சத்தம் மட்டும் என்றால் இந்தப் பக்க ஹப்போ ஆக்சில் ஷாஃப்ட்டோதான். ஹப்பைக் கழற்றி டீசலில் கழுவி, மெல்லிய பூச்சாகத்தான் கிரீஸ் இட வேண்டும். அள்ளி அப்பினால் மறுபடி சிக்கும். வேக்கூமில் பிடிக்கும் ஹப் என்றால், பிரிப்பதற்கு முன் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ட்ரான்ஸ்ஃபர் கேஸ் செயின் வகையானால், செயின் நீண்டுவிட்டது என்பதற்கு அடையாளம், 4எல்-இல் (நான்கு சக்கர இழுவை, தாழ்ந்த கியர்) சுமையோடு இழுக்கும்போது வரும் 'டக் டக்' தாவல். லீவர் தானாக நழுவினால், உள்ளே போவதற்கு முன் கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பரைப் பாருங்கள். ரப்பர் இறங்கி, லீவர் தரைத் தகட்டில் இடித்து முழுதாக விழாமல் நிற்பது சகஜம். ஆயில் விஷயத்தில் ஊகம் கூடாது: செயின் வகை பலவற்றுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), பழைய கியர் வகைக்கு 80டபிள்யூ-90 கியர் ஆயில்; வண்டிக் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான்.

2எச்-இல் நகரவே நகராமல், 4எச்-இல் நகர்ந்தால் பின் ஆக்சில் ஷாஃப்ட் முறிந்திருக்கலாம். முன் இழுவையில் கரையேறலாம்; ஆனால் சக்கரம் ஷாஃப்ட்டிலேயே தொங்கும் செமி ஃப்ளோட்டிங் ஆக்சிலில் சக்கரமே கழன்று வரும். அந்த வகையை ஒரு மீட்டர்கூட ஓட்டக் கூடாது.

ஓட்டும் முறையும் பாதி வைத்தியம். மணலில் கிளம்ப 4எச்-இல் கிளட்சைப் பாதி மிதித்து உறும விடுவதுதான் பிளேட்டின் எமன். 4எல் போட்டால் இழுவை சுமார் 2.5 மடங்கு; கிளட்ச் நோகாது. சுமை குறைவானால் டயரில் 18-20 பி.எஸ்.ஐ. போதும், சாலைக்கு ஏறுமுன் மறக்காமல் காற்று பிடிக்க வேண்டும். தார்ச்சாலையில் 4எச் போட்டு ஓட்டுவது ஷாஃப்ட்டை முறுக்கி, லீவரைத் திரும்ப எடுக்க விடாது. படகுத்துறையில் சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கினால் சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சும். பிரீதர் (ஆக்சிலின் காற்றுத் துளை) அடைத்திருந்தால் இன்னும் மோசம். ஆயில் மோர் நிறத்தில் வந்தால் ஒரு தடவை மாற்றியது போதாது, சில நாள் ஓட்டி மறுபடி மாற்ற வேண்டும். மீன் ஏற்றும் வண்டியில் ஐஸ் தண்ணீர் சொட்டுகிற இடம் நேராக ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஸ்லிப் ஜாயின்ட். அங்கே மாதம் ஒருமுறை கிரீஸ் அடிக்காவிட்டால் துரு பிடித்து, கிளம்பும்போது 'டங்' என்று தட்டும். அதையும் ஸ்லிப் என்று சொல்லித்தான் பட்டறைக்குக் கொண்டுவருகிறார்கள்.