நெல்லையில் வீட்டு புரோக்கர்: கமிஷன் எதற்கு, எவ்வளவு, எந்த நாளில்

திருநெல்வேலியில் வீட்டு புரோக்கர் என்றதும் இரண்டு பேச்சுதான் காதில் விழும். "அவனுக்கு எதுக்குத் தண்டமா கமிஷன்?" என்பது ஒன்று. "எல்லாத்தையும் அண்ணாச்சியே பாத்துக்கிடுவாவ" என்பது இன்னொன்று. இரண்டையும் நம்பியவர்கள் செலவழித்திருக்கிறார்கள், இரண்டாவதை நம்பியவர்கள் கொஞ்சம் அதிகமாக.

பாளையங்கோட்டை, பெருமாள்புரம், மகாராஜநகர், கே.டி.சி. நகர், டவுன், பேட்டை எங்கும் நல்ல புரோக்கர் செய்யும் வேலை ஒரே மாதிரிதான். போர்டு மாட்டாத வீட்டைக் காட்டுவார். விற்பவர் எந்த விலைக்கு இறங்குவார் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பார். மும்பையில் ஒரு அக்கா, துபாயில் ஒரு தம்பி என்று சிதறிக் கிடக்கும் குடும்பத்தை ஒரே நாளில் பதிவு அலுவலகத்துக்கு வரவழைப்பார். இந்த மூன்றாவது வேலைக்கே கமிஷன் கொடுக்கலாம், அது லேசான வேலையில்லை. பத்திரத்தைச் சரிபார்ப்பது மட்டும் அவர் பொறுப்பு ஆகாது. "பேப்பர் எல்லாம் கிளியர்" என்று அவர் சொன்னால், இதுவரை யாரும் தகராறு செய்யவில்லை என்ற அளவுக்கு எடுத்துக்கொண்டால் போதும்.

கமிஷன் பொதுவாக ஒவ்வொரு தரப்பிலும் 1 முதல் 2 சதவீதம். 45 லட்ச ரூபாய் வீட்டுக்கு ஒரு சதவீதம் என்றால் 45,000, இரண்டு என்றால் 90,000. இதை வீடு பார்க்கப் போகும் முன்பே பேசிவிட வேண்டும். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கிடலாம் அண்ணாச்சி" என்பவர் கிரய நாளன்று எல்லார் முன்னாலும் இரண்டு சதவீதம் கேட்பார். அப்போது மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது. சதவீதம் பேசிய விலைக்கா, பத்திரத்தில் காட்டும் விலைக்கா என்பதையும் சொல்லிவிடுங்கள். வீட்டைக் காட்டிய அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும்: இந்தத் தெருவில் இந்த வீட்டை இன்று நீங்கள் காட்டினீர்கள், முடிந்தால் கமிஷன் இவ்வளவு. ஒரே வீட்டை மூன்று புரோக்கர்கள் காட்டுவது இங்கே சகஜம். பின்னால் "நான்தானே முதல்ல காட்டினேன்" என்ற சண்டையை அந்த ஒரு வரி தீர்க்கும்.

அதைவிட முக்கியம், கமிஷனை எந்த நாளில் கொடுக்கிறோம் என்பது. எந்த நாளில் முழுத் தொகையும் கை மாறுகிறதோ அந்த நாளோடு அவர் வேலையும் முடிந்துவிடும். அக்ரிமெண்ட் அன்றே முழுதும் வாங்கியவர் கிரயத்துக்கு வரமாட்டார். கிரயத்தன்று முழுதும் வாங்கியவர் பட்டா மாறுதலுக்குப் போனை எடுக்கமாட்டார். அக்ரிமெண்ட் போட்டதும் கால்வாசி, பதிவு முடிந்ததும் பாதி, உங்கள் பெயரில் பட்டா வந்ததும் மீதி என்று பிரித்தால் ஒழுங்காக நடக்கிறது. விற்பவருக்குப் பட்டாவைப் பற்றிக் கவலையில்லை, அவர் பதிவன்றே முடித்துவிடலாம்.

நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தில்லுமுல்லு, மேல் வைத்து விற்பது. விற்பவரிடம் "உங்களுக்குக் கையில 40 வந்தா போதுமா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு, வாங்குபவரிடம் 46 சொல்வார்கள். நடுவில் இருக்கும் 6 லட்சம் போக, இரு பக்கமும் கமிஷன் தனி. இதற்கு ஒரே அடையாளம், இரு தரப்பையும் சந்திக்க விடாமல் வைத்திருப்பது. பார்ட்டி வெளியூரில் இருக்கிறது, பார்ட்டிக்கு நேரில் பேசப் பிடிக்காது என்று காரணம் வந்துகொண்டே இருக்கும். விற்பவரை நேரிலோ வீடியோ அழைப்பிலோ பார்த்து விலையை அவர் வாயால் கேட்காமல் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். முன்பணத்தையும் புரோக்கர் கையில் கொடுக்காமல் விற்பவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது, வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம்.

"இன்னொருத்தர் பாத்துட்டுப் போயிருக்காவ, நாளைக்கே டோக்கனைப் போட்டுருங்க" என்ற அவசரத்துக்கு மயங்காதீர்கள். அப்படி ஒருவர் இருக்கவும் செய்யலாம். பத்திர நகலை வக்கீல் ஒரு வாரம் பார்க்கும் வரை காத்திருக்காத வீடு போனால் போகட்டும்.

வக்கீலிடம் கொடுக்கும்போது இங்கே சிக்கல் வரும் இடம் சர்வே எண். மாநகராட்சிப் பகுதியில் பழைய பத்திரத்தில் பழைய சர்வே எண் இருக்கும். பின்னாளில் நகர நில அளவை நடந்த இடங்களில் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று புது அடையாளம் வந்திருக்கும். வில்லங்கச் சான்றை (ஈ.சி.) ஒரு எண்ணில் மட்டும் போட்டால் மற்ற எண்ணில் பதிவான அடமானமும் பாகப்பிரிவினையும் கண்ணில் படாது. இரண்டிலும் போட வேண்டும், 30 வருடத்துக்காவது. இணையத்தில் 1975க்குப் பிந்தையது கிடைக்கும். அதற்கு முந்தையதைப் பதிவு அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும். பதிவு செய்யாத உயிலும், நிலுவையில் உள்ள வழக்கும், வாரிசுகளின் உரிமையும் ஈ.சி.யில் தெரியாது. அப்பா பெயரில் பத்திரம், அப்பா இறந்துவிட்டார், விற்பது அண்ணன் என்றால் வாரிசுச் சான்றைக் கையில் வாங்கி ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். "தங்கச்சிக்கெல்லாம் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு" என்பது வீட்டுப் பேச்சு, பங்கை விட்டுக்கொடுத்ததாகப் பதிவான விடுதலைப் பத்திரம் ஆகாது. தங்கச்சியும் கையெழுத்துப் போட வேண்டும்.

டவுன் ரத வீதிகளின் பக்கம் பழைய வீடு பார்க்கிறவர்கள் அடிமனை யாருடையது என்று தனியாகக் கேட்க வேண்டும். மனை கோயிலுக்கும் மேலே உள்ள கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்கும் சொந்தமாக இருக்கலாம். அறக்கட்டளை, வக்ஃபு மனைகளிலும் இதே கேள்வி உண்டு. புரோக்கர் இதைப் பொய் சொல்லி மறைப்பதில்லை, கேட்டால் ஒழியச் சொல்வதில்லை. ஊர்ப்புறத்து வீடென்றால் ஊர்க் குடியிருப்பு நிலத்துக்குத் தரும் நத்தம் பட்டாவா என்று பாருங்கள். பலர் பெயரில் உள்ள கூட்டுப் பட்டா என்றால் விற்பவர் பங்கு எது என்று புலப்படத்தோடு (சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடம்) அளந்து பார்க்காமல் அட்வான்ஸ் கூடாது. ரெட்டியார்பட்டி, வி.எம். சத்திரம் பக்கம் மனைப்பிரிவில் கட்டிய வீடானால் அங்கீகாரம் உண்டா என்பதே முதல் கேள்வி. அங்கீகாரமில்லாத மனையை 2016 அக்டோபர் 20க்குள் பதிவு செய்திருந்தால்தான் 2017 விதிகளின்படி வரன்முறைப்படுத்த, அதாவது பின்னாளில் அங்கீகாரம் வாங்க, வழி இருந்தது. "வரன்முறை பண்ணிக்கலாம்" என்று புரோக்கர் சொன்னால், பண்ணிய ஆணையைக் கேளுங்கள்.

ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு பெற்ற புரோக்கரா என்று பார்க்கச் சொல்கிறார்களே என்றால், அது புதுத் திட்டங்களில் வீடோ மனையோ வாங்குவதற்குத்தான் பெரிதும் உதவும். பழைய தனி வீட்டைக் கைமாற்றும் புரோக்கருக்கு அந்தப் பதிவு இல்லாததே வழக்கம். அதை வைத்து அவரை ஒதுக்க வேண்டாம், அது இருக்கிறதே என்று நம்பவும் வேண்டாம்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம், இதற்கு எந்தப் பத்திரமும் கிடையாது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பக்கம் தாமிரபரணி எங்கே வரை ஏறியது என்பது அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும். புது வண்ணப்பூச்சு தரையிலிருந்து நாலடி வரை மட்டும் இருந்தால் காரணம் கேளுங்கள். மேட்டுப்பகுதி என்று பெயரெடுத்த இடத்திலும் பள்ளமான தெருக்கள் உண்டு, பழைய வாய்க்கால் போன வழி உண்டு. புலப்படத்தில் வாய்க்காலோ குளத்துப் புறம்போக்கோ மனையை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு தடவை தெருவையும், சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு தடவை போர் தண்ணீரையும் பார்த்தால் நல்லது. இரண்டுக்கும் அவகாசமில்லை என்றால் சாயந்தரம் பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும் ஆச்சிகளிடம் கேளுங்கள். புரோக்கரோடு போகாமல் தனியாகப் போய்க் கேட்டால்தான் சொல்வார்கள்.

பதிவுச் செலவு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். 45 லட்சத்துக்கு 4,05,000. பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையுள்ள சொத்துக்கு 2025 ஏப்ரலில் இருந்து பதிவுக்கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. ஊர்ப்புறச் சின்ன வீடுகளுக்கு இது உதவும். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பில் மட்டும் பத்திரம் போட்டு மீதியைக் கறுப்பாகக் கொடுக்கச் சொல்லும் யோசனை புரோக்கரிடமிருந்தே வரும். ஒத்துக்கொண்டால் வங்கி தரும் கடன் தொகை குறையும். நாளை நீங்கள் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் கூடும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் ஒரு சதவீதம் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் கணக்கே வேறு, ஆடிட்டரைப் பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

விற்கிறவர்களுக்கும் கொஞ்சம். ஐந்து புரோக்கர்களிடம் ஐந்து விலை சொல்லாதீர்கள். ஒரே வீட்டை 48, 52, 55 என்று கேட்கும் வாங்குபவர் வீட்டில் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிவிடுவார். ஒருவரிடம் மூன்று மாதத்துக்குக் கொடுங்கள், ஆடியும் மார்கழியும் நடுவில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெற்கு பார்த்த வீடு, தெருக்குத்து வீடு என்றால் அதை முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். வாஸ்து பார்ப்பவரை நாலு தடவை வரவழைத்துப் பிறகு மறுக்க வைப்பதில் யாருக்கும் லாபமில்லை. மூலப்பத்திரத்தை ஒருபோதும் புரோக்கரிடம் கொடுக்க வேண்டாம், நகல் போதும். அவர் பெயருக்கே பவர் (உங்களுக்குப் பதிலாக விற்கும் அதிகாரம்) எழுதிக் கொடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். குடும்பத்துக்கு வெளியே எழுதும் விற்பனைப் பவருக்கு 2023 ஜூலையில் இருந்து சந்தை மதிப்பில் ஒரு சதவீதம் கட்டணம், ஆகவே அது மலிவும் இல்லை.

அட்வான்ஸ் பத்து சதவீதம், தவணை மூன்று மாதம் என்பது வழக்கம். சொத்தில் வில்லங்கம் தெரிந்தாலோ வங்கி கடன் மறுத்தாலோ எத்தனை நாளில் அட்வான்ஸ் திரும்பும் என்று அக்ரிமெண்டில் எழுதி, அக்ரிமெண்டையும் பதிந்துவிடுங்கள். கிரயத்தன்று காலையில் ஈ.சி.யை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். அன்றே விற்பவரிடமிருந்து வீட்டுவரி, தண்ணீர் வரி, பாதாளச் சாக்கடை டெபாசிட் ரசீதுகளையும் மின் இணைப்பு எண்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். மாடியில் குடியிருப்பவருக்குத் தனி மீட்டர் இருந்தால் அந்த எண்ணையும் சேர்த்து.